பழைய தொழிற்சொல்லுக்குப் பொருள் தேடுவது எப்படி: 'கங்காணி'யை வைத்து ஒரு செய்முறை

பழைய பத்திரத்திலோ பிறப்புச் சான்றிதழிலோ கல்லறைக் கல்லிலோ பூட்டனாரின் பெயருக்குப் பின்னால் 'கங்காணி' என்று இருக்கிறது. அகராதியைப் புரட்டினால் 'மேற்பார்வையாளன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. தப்பில்லை, ஆனால் போதாது. சோழர் காலத்துக் கோயிலின் காரியங்களை மேற்பார்த்தவருக்கு இந்தச் சொல் உண்டு. கண்டிச் சீமைக் காப்பித் தோட்டத்துக்கு ஊர்ச்சனத்தைத் திரட்டிக்கொண்டு போனவருக்கும் உண்டு. இன்று நுவரெலியாவில் கொழுந்து எடுப்பவர்களுக்குப் பின்னால் நிரை பார்த்து நிற்பவருக்கும் உண்டு. செய்த வேலை வேறு, கையிலிருந்த அதிகாரம் வேறு, கூலி வந்த வழி வேறு. உங்கள் தாளில், அந்த ஆண்டில், அந்த ஊரில் சொல் எந்த வேலையைக் குறித்தது என்று பிரித்தெடுப்பதுதான் இங்கே காரியம். இதே முறை தலையாரி, துபாஷி, கணக்கப்பிள்ளை என்று எந்தச் சொல்லுக்கும் செல்லும்.

முதலில், உள்ளபடி எழுதிக்கொள்ளுங்கள்

சொல்லை மட்டும் பிடுங்கி எடுக்காதீர்கள். மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி சேர்த்து, எழுத்துப் பிழை உட்பட அப்படியே நகலெடுங்கள். தாளின் தேதி, ஊர், எழுதியவர் பெயர், யாருக்கு யார் எழுதியது என்ற நான்கும் அதே பக்கத்தில் இருக்கவேண்டும். படம் எடுப்பதானால் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். நேர் வெளிச்சத்தில் கல்லில் வெட்டிய எழுத்து தட்டையாகிவிடும்.

அடுத்து, எழுத்தைச் சரியாகத்தான் படித்தோமா என்று பார்க்கவேண்டும். பலரும் சறுக்கும் இடம் இது. ஓலைச்சுவடியிலும் அதே பழக்கத்தில் எழுதிய பழைய காகிதங்களிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. நெடிலுக்குப் போடும் காலும் ரகரமும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அப்படி எழுதினால் 'கண்காணி' என்பது தாளில் 'கணகரணி' என்றுதான் தெரியும். பழக்கமில்லாத கண் அதைக் 'கணக்கு' என்றும் 'கரணம்' என்றும் பிரித்து, இரண்டும் கணக்கெழுதுகிறவரைக் குறிக்கும் சொற்களாக இருப்பதால், 'ஆள் ஊர்க்கணக்கர்' என்று நிம்மதியாக முடிவு கட்டிவிடும். இதற்கு மருந்து எளிது. அதே கையெழுத்தில் உங்களுக்குச் சந்தேகமே இல்லாத சொற்கள் ஐந்தாறு பொறுக்கிக்கொள்ளுங்கள்: 'நாள்', 'காசு', 'மாதம்', 'வராகன்', 'ராசா' போன்றவை. அந்த ஆள் காலை எப்படி இழுக்கிறார், ரகரத்தை எங்கே முடிக்கிறார் என்று பார்த்துவிட்டு, பிறகு சந்தேகச் சொல்லுக்கு வாருங்கள்.

நிலப் பத்திரமானால் இன்னொரு பொறி உண்டு. 'காணி' என்பது அங்கே நில உரிமை; எண்பதில் ஒரு பங்கு; செங்கல்பட்டுப் பக்கத்து அளவில் ஏறத்தாழ 1.32 ஏக்கர். வரி முறிந்து 'கங்' ஒரு வரியிலும் 'காணி' அடுத்த வரியிலும் விழுந்திருந்தால், அதை நில அளவாக வாசித்துப் பங்குக் கணக்கையே குழப்பியவர்கள் உண்டு. முன்னால் எண்ணோ பின்னால் நஞ்சை, புஞ்சை என்ற சொல்லோ இல்லாவிட்டால் அது நிலக் காணி இல்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

பிறகு வடிவங்களின் பட்டியல். கங்காணி, கண்காணி, கங்காணியார், கண்காணம், கங்காணம் என்று ஐந்தையும் தனித்தனியாகத் தேடவேண்டும். ஆங்கில ஆவணங்களில் சி எழுத்தில் தொடங்குவதும் உண்டு, கே எழுத்தில் தொடங்குவதும் உண்டு. முடிவில் ஒய் இருந்தால் பெரும்பாலும் இலங்கை வழக்கு, ஐ இருந்தால் பெரும்பாலும் மலாயா வழக்கு. கட்டாய விதி இல்லை. ஆனால் ஊர்ப்பெயர் கிழிந்துபோன தாளில் இது ஒரு நல்ல துப்பு.

பிரித்துப் பார்த்தல்

கண் + காண் + இ. விறகு வெட்டுகிறவன் விறகுவெட்டி, வழி காட்டுகிறவர் வழிகாட்டி, நாட்டில் ஓடித் திரிகிறவன் நாடோடி. பெயர், வினையடி, கடைசியில் இகரம் என்று தமிழில் ஆளையும் கருவியையும் பெயரிடும் பழைய அச்சு இது. கண்ணால் கண்டுகொண்டே இருப்பவர் கண்காணி. ணகரம் அடுத்து வரும் ககரத்தின் இடத்துக்கு நகர்ந்து ஙகரமானது பேச்சின் வேலை. வெண்கலத்தை 'வெங்கலம்' என்று சொல்லும் அதே நாக்குதான் கண்காணியைக் கங்காணி ஆக்கியது.

பிரிப்பு சரியா என்று சோதிக்க இரண்டு கேள்வி. இதே அச்சில் வேறு சொற்கள் உண்டா? உண்டு, மேலே பார்த்தோம். ஒலி மாறியதற்கு இணை உண்டா? வெங்கலம் இருக்கிறது. இரண்டுக்கும் விடை கிடைக்காத பிரிப்பு வெறும் ஊகம். 'காரியத்தை முடிக்கக் கங்கணம் கட்டியவன் கங்காணி' என்று ஒரு விளக்கம் சொல்லக் கேட்கலாம். கங்கணம் வடசொல், கையில் கட்டும் காப்பு. அதன் நடுவில் இருப்பது குறில், கங்காணியில் நெடில். கங்கணத்திலிருந்து நெடிலும் இகரமும் எப்படி வந்தன என்று கேட்டால் அந்த விளக்கத்திடம் பதில் இல்லை.

இரு வடிவங்களும் பிற்காலத்தில் இரு வேறு உலகங்களுக்குப் போய்விட்டன என்பதையும் கவனியுங்கள். ணகரத்தோடு எழுதியது கண்காணித்தல் என்று வினையாகி, கண்காணிப்பாளர் என்று அலுவலகப் பதவியாகி, மாவட்டக் காவல் தலைமைக்கும் மருத்துவமனைக்கும் போனது. ஙகரத்தோடு எழுதியது தோட்டத்திலேயே நின்றது. அதற்காக எழுத்தை மட்டும் வைத்து முடிவு செய்யவேண்டாம். படித்த எழுத்தர் ஒருவர் தோட்டத்துக் கங்காணியையும் 'கண்காணி' என்று திருத்தி எழுதியிருக்கலாம்.

அகராதிகளை எந்த வரிசையில் பார்ப்பது

முதலில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பேச்சு வடிவத்தில் தேடிக் குறைவாகக் கிடைத்தால் எழுத்து வடிவத்தில் தேடுங்கள். விரிவான பதிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதில் பொருளைவிட முக்கியமானது பொருளுக்குப் பின்னால் வரும் சுருக்கக் குறி. 'எஸ்.ஐ.ஐ.' என்றால் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியில் கண்ட சொல். 'ஜே.' என்றால் யாழ்ப்பாண வழக்கு. 'லோக்.' என்றால் எங்கோ ஓரிடத்து வழக்கு. குறியை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் நகலெடுத்தால், யாழ்ப்பாணத்துப் பொருளைத் தஞ்சாவூர்ப் பத்திரத்தில் திணித்துவிடுவீர்கள்.

அடுத்து பழைய அகராதிகள்: 1779-இல் வெளிவந்த பெப்ரிசியஸ், 1862-இல் வெளிவந்த வின்சுலோ. இவை காலக்கோடு போல உதவும். தோட்டத் தொழில் பெருகுவதற்கு முன் சொல்லுக்கு என்ன பொருள் இருந்தது என்பதற்கு 18-ஆம் நூற்றாண்டு அகராதியே சாட்சி. வரி, நிலம், ஊர்க்காவல் சம்பந்தமான சொல்லானால் 1855-இல் வந்த வில்சனின் வருவாய்ச் சொற்கோவையைத் தவறாமல் பாருங்கள். 'கண்காணம்' இந்த உலகத்துச் சொல். அறுவடை நேரத்தில் கதிரும் களத்து நெல்லும் பங்கு பிரியும்வரை களவு போகாமல் காவல் பார்ப்பது அது. களத்துமேட்டில் இரவு முழுக்க விழித்திருப்பவரை மனத்தில் வைத்துப் பார்த்தால், கண்ணும் காணும் சேர்ந்த இந்தச் சொல் எத்தனை நேரான சொல் என்று விளங்கும். ஆங்கிலேயர் வாயில் நுழைந்த வடிவங்களுக்கு 1886-இல் முதலில் அச்சான ஹாப்சன் ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி உதவும். கணக்கப்பிள்ளை 'கானிகோபோலி' ஆன கதையெல்லாம் அதில்தான் கிடைக்கும். ஆனால் தமிழ் வேர் சொல்லும் இடத்தில் அதை அப்படியே நம்பவேண்டாம். லெக்சிகனோடு ஒத்துப் பாருங்கள்.

கல்லும் பாட்டும்

கல்வெட்டுக்குத் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளும், சாந்தி சாதனா வெளியிட்ட தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதியும் போதும். சைவக் கோயில் கல்வெட்டுகளில் 'ஸ்ரீமாஹேஸ்வரக் கண்காணி செய்வார்' என்ற தொடர் திரும்பத் திரும்ப வரும். கோயில் காரியங்களை அடியார்கள் சார்பில் மேற்பார்த்தவர்கள். இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். இங்கே கண்காணி என்பது ஆள் அல்ல. ஆள் 'செய்வார்'. கண்காணி அவர் செய்யும் வேலை. நாம் இன்று 'மேற்பார்வை செய்கிறார்' என்கிறோமே, அதே கட்டு.

உடனே 'முதலில் வேலைக்குப் பெயராக இருந்து, பிறகு ஆளுக்குப் பெயரானது' என்று எழுதத் தோன்றும். பொறுங்கள். திருமந்திரத்தில் 'கண்காணி இல்லென்று கள்ளம் பலசெய்வார்' என்று தொடங்கும் பாட்டு இருக்கிறது. நான்கடியிலும் கண்காணி வருகிறது. பார்ப்பவர் யாருமில்லை என்று கள்ளம் செய்கிறார்கள். பார்ப்பவன் இல்லாத இடமே இல்லை. எங்கும் கலந்து நின்றவனைக் கண்டவர்கள் களவை விட்டார்கள். இங்கே அது தெளிவாக ஆள், அதுவும் இறைவனே. திருமந்திரத்தின் காலத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு நெடுநாளாக உண்டு. அதனால் அந்தப் பாட்டைத் தேதிக்குச் சான்றாக வைக்கக் கூடாது, பொருளுக்குச் சான்றாக வைக்கலாம். இரண்டு பொருளும் பழையவை என்று எழுதுவதே நேர்மை. ஒரு வகைச் சான்றை மட்டும் பார்த்துவிட்டு வரிசை கட்டுவதுதான் சொல்லாராய்ச்சியில் அதிகம் நடக்கும் தவறு.

கிறிஸ்தவக் குடும்பத்துத் தாள்களைப் படிக்கிறவர்கள் தமிழ் வேதாகமத்தையும் மறக்கவேண்டாம். 1 தீமோத்தேயு மூன்றாம் அதிகாரத்தில் 'கண்காணியானவன்' எப்படி இருக்கவேண்டும் என்று வருகிறது. அங்கே அது சபையை மேய்ப்பவர். மூலக் கிரேக்கச் சொல்லும் 'மேலிருந்து பார்ப்பவர்' என்றே பிரியும். சபைப் பதிவேட்டில் இந்தச் சொல்லைக் கண்டால் உடனே தேயிலைத் தோட்டத்துக்கு ஓடவேண்டாம்.

தேதியை வைத்துப் பொருளைக் குறுக்குதல்

தோட்டத்துக் கங்காணி என்று உறுதியானால், அடுத்து ஆண்டு பேசும். எந்தக் காலத்துத் தாள் என்பதைப் பொறுத்து அவர் கையிலிருந்த அதிகாரம் மலைக்கும் மடுவுக்குமாக மாறும்.

இலங்கையில் 19-ஆம் நூற்றாண்டுத் தாளானால், அவர் ஆள் திரட்டுபவர், முன்பணம் கொடுப்பவர், கடன்காரர், தோட்டத்தில் வேலை வாங்குபவர் எல்லாம் ஒருவரே. தன் ஊரிலும் உறவிலும் ஆட்களைச் சேர்த்து, வழிச்செலவுக்குப் பணம் கொடுத்து, அந்தப் பணத்தை அவர்கள் பேரில் கடனாக எழுதிவைப்பார். பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள் உண்டு. உங்கள் தாளில் எது இருக்கிறது என்று பாருங்கள். இருவருக்கும் வருமானத்திலும் செல்வாக்கிலும் பெருந்தூரம். வேலைக்கு வந்த ஆள் எண்ணிக்கைக்கு இத்தனை என்று கங்காணிக்குக் காசு வந்ததால், ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் நட்டம் அவருக்கும்தான். ஆளை எழுப்பி வேலைக்கு ஓட்டிய கடுமையின் காரணத்தில் பாதி இந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

பழைய பெட்டிகளில் 'துண்டு' என்ற சிறு சீட்டு கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். இன்ன கங்காணியின் கீழுள்ள இத்தனை ஆட்கள் பேரில் இவ்வளவு கடன் நிற்கிறது, அதைக் கட்டுகிற தோட்டத்துக்கு அவர்களை விடுவிப்போம் என்று துரை, அதாவது தோட்டத்தை நடத்தும் அதிகாரி, எழுதிக் கொடுப்பது அது. கடனைக் கட்டியவர் கைக்கு ஆட்கள் போவார்கள். கடன் மட்டும் அவர்கள் தலையிலேயே இருக்கும். அதில் மூன்றைத் தேடுங்கள்: ஆள் எண்ணிக்கை, தொகை, தேதி. தொகையை எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு தலைமேல் இருந்த கடன் வரும். துண்டு முறையை 1921-இல் சட்டம் ஒழித்தது. ஆகவே அதற்குப் பிற்பட்ட தாளில் 'துண்டு' வந்தால் அது வேறு சீட்டாக இருக்கலாம். 1939-இல் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் போவதைத் தடை செய்தபின் ஊரிலிருந்து ஆள் திரட்டும் வேலையும் போய்விட்டது. 1950-களின் தாளில் வரும் கங்காணி பெரும்பாலும் ஒரு வேலைக்கூட்டத்தை மேய்க்கும் தோட்டச் சம்பளக்காரர் மட்டுமே. அவர்மேல் பழைய பெரிய கங்காணியின் பணத்தையும் பழியையும் ஏற்றுவது அநியாயம்.

மலாயாவில் கதை ரப்பரோடு போகிறது. 1910-இல் அங்கே ஒப்பந்தக் கூலி முறை முடிந்தபின் கங்காணி வழியாக ஆள் எடுப்பதே முதன்மையானது. ஏற்கெனவே தோட்டத்தில் இருந்த ஒருவர் உரிமம் பெற்று ஊருக்கு வந்து சேர்த்துப் போவார். 1938-இல் இந்திய அரசின் தடையோடு அது நின்றது. உரிமச் சீட்டு கிடைத்தால் அது தங்கம்: தோட்டத்தின் பெயரும் ஊரின் பெயரும் ஒரே தாளில் இருக்கும்.

பர்மாத் தாளானால் அங்கே இதே வேலைக்குப் பெயர் மேஸ்திரி. தமிழ்நாட்டு, கேரள மலைத் தோட்டங்களில் இரண்டு சொல்லும் புழங்கின. ஆகவே 'கங்காணி' என்று தேடிக் கிடைக்காதபோது 'மேஸ்திரி' என்றும் தேடுங்கள்.

எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு?

ஒரே சொல் பல மொழியில் இருந்தால், எந்த மொழிக்குள் அது பிரிகிறது என்று பாருங்கள். கங்காணி தமிழில் கண்ணும் காணுமாகப் பிரிகிறது. சிங்களத்தில் 'கங்கானம்' என்று இருக்கிறது. அங்கே கண்ணுக்குச் சொல்லே வேறு, உள்ளே பிரிக்க எதுவுமில்லை. ஆகவே தமிழிலிருந்து போனது, அதுவும் 'கண்காணம்' என்ற வடிவத்தில் போனது என்று மகர இறுதி காட்டிக்கொடுக்கிறது. சிங்களக் குடும்பப் பெயர்களில் 'கங்கானம்கே' மிகப் பரவலானது. 'கே' வீட்டைக் குறிப்பது, கங்கானம் வீட்டார் என்று பொருள். மேஸ்திரியைத் தமிழில் பிரித்துப் பாருங்கள், பிரியாது. அது போர்த்துக்கேய 'மெஸ்த்ரே'. மலாயாத் தோட்டத்து 'மண்டோர்' போர்த்துக்கேய 'மந்ததோர்'. துபாஷி வடமொழியில் இருமொழியாளர் என்று பிரியும்.

பெயருக்குப் பின்னால் நிற்பதால் கங்காணியைச் சாதிப் பெயராக எழுதிவிடாதீர்கள். அது வேலையின் பெயர். பல சாதியாரும் அந்த வேலையில் இருந்தார்கள். மகன் பெயரோடும் வந்தால் மட்டும், அவரும் அந்த வேலையில் இருந்தாரா, தகப்பன் பட்டம் ஒட்டிக்கொண்டதா என்று தனியே பாருங்கள்.

பெரியவர்களிடம் கேட்பது

"கங்காணின்னா என்னங்க தாத்தா?" என்று கேட்டால், "தோட்டத்துல பெரிய ஆளுப்பா" என்றுதான் பதில் வரும். வேலையைப் பற்றிக் கேளுங்கள். "பெரட்டுக் களத்துல பேர் கூப்பிட்டது யாரு? அரைப்பேர் போட்டா யார்கிட்ட போய்க் கேப்பீங்க? சம்பளம் துரை கையால வந்துச்சா, கங்காணி கையால வந்துச்சா? கணக்கப்பிள்ளை பெரியவரா, கங்காணி பெரியவரா?" இப்படிக் கேட்டால் அகராதியில் இல்லாதது வரும். மலையகத்தில் 'பேர்' என்பது ஒரு நாள் வேலைக்குப் பதியும் வரவு. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். இந்தச் சொற்களை அவர் சொன்ன உச்சரிப்பிலேயே எழுதுங்கள். 'பெரட்டு' என்று சொன்னதை 'அணிவகுப்பு' என்று திருத்தினால், அது ஆங்கிலப் 'பரேடு' தமிழான தடயத்தை நீங்களே அழித்துவிடுகிறீர்கள்.

பதிவை எழுதும் விதம்

ஒரு பொருளுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் காலம், இடம், சான்று மூன்றும் வேண்டும். இப்படி:

கண்காணி, கங்காணி. பெயர்ச்சொல். கண் + காண் + இ.
1. மேற்பார்க்கும் வேலை. சைவக் கோயில் கல்வெட்டு, 'கண்காணி செய்வார்'.
2. மேற்பார்ப்பவர், எல்லாம் காணும் இறைவன். திருமந்திரம்.
3. சபையை மேற்பார்ப்பவர். தமிழ் வேதாகமம், 1 தீமோத்தேயு 3.
4. ஆள் திரட்டி, முன்பணம் கொடுத்து, தோட்டத்தில் வேலை வாங்கியவர். இலங்கை, 19-ஆம் நூற்றாண்டு முதல் 1939 வரை. மலாயா, 1938 வரை.
5. வேலைக்கூட்டத்தை மேற்பார்க்கும் தோட்ட ஊழியர். இலங்கை மலையகம், இன்றும்.
தொடர்புடையவை: கண்காணம் (களத்துக் காவல்); சிங்களம் கங்கானம்.

இதன் கீழே உங்கள் தாளின் வரியை அப்படியே ஒட்டி, அது எத்தனையாவது பொருளில் அடங்குகிறது என்று எண்ணை மட்டும் இடுங்கள். இரண்டு எண்ணுக்கும் பொருந்தினால் இரண்டையும் இடுங்கள். படத்தின் கோப்பு எண்ணையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். அடுத்த முறை இன்னொரு கண் அந்த ணகரத்தையும் அந்தக் காலையும் திரும்பப் பார்க்கவேண்டி வரும்.